எது தலை, எது வால்? – வோயில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

"லீவு போட்டுவிட்டு எங்கே போகிறாய்?" என்று ஆபீஸில் கேட்டார்கள். வோய் என்றேன், நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் இடையில் உள்ள கென்ய ஊர். உடனே எல்லோர் முகத்திலும் யானை வந்து நின்றது. வோய் என்றால் சாவோ கிழக்கு தேசியப் பூங்கா, பூங்கா என்றால் யானை, அதிர்ஷ்டம் இருந்தால் சிங்கம். நான் பூங்காவுக்குள் போகப் போவதில்லை, மண்ணுக்குள் இருக்கும் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஆர்வம் போய்விட்டது. கேஷியர் மட்டும் விடாமல் "தங்கமா?" என்றார். டைட்டா பக்கம் ரத்தினக் கற்கள் தோண்டுகிறார்கள், அதனால் அந்தக் கேள்வியில் தப்பில்லை.

கல் இல்லை. புழுப்பல்லி. மண்ணுக்குள் வாழும், புழு மாதிரி நீளமான ஒரு பிராணி. அதிலும் கென்யாவிலும் தான்சானியாவிலும் மட்டுமே உள்ள ஒரு வகை. ஜியோகலாமஸ் அகூட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைத் தமிழாக்கினால் 'வோய் ஆப்புமூக்குப் புழுப்பல்லி' என்று வரும். ஊர் பெயரையே சுமந்துகொண்டு இருக்கும் பிராணி, ஆனால் அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு இங்கே இந்துக்களுக்கு மட்டும் விடுமுறை உண்டு. அதோடு கைவசம் இருந்த லீவையும் சேர்த்து ஐந்து நாள் தேற்றினேன். நவம்பர் இங்கே 'வூலி', அதாவது சின்ன மழைக்காலம். மழை இறங்கினால்தான் மண்ணுக்குள் இருப்பவை மேலே வரும். எனக்கு இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்ட நண்பர் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறார், தவளைகள்தான் அவர் ஆராய்ச்சி. இங்கே அவரைத் தவளை வாத்தியார் என்றே எழுதுகிறேன், அவருக்கும் அதில் சம்மதம். பெர்மிட், அனுமதிக் கடிதம் எல்லாம் அவர் பெயரில். நான் கூடப் போய் டார்ச் பிடிக்கும் ஆள்.

நைரோபி ஸ்டேஷனில் வழக்கமான சடங்கு. பைகளையெல்லாம் தரையில் நீளமாக வரிசை வைத்துவிட்டு நாம் தள்ளி நிற்க வேண்டும். போலீஸ் நாய் ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போகும். என் பையில் தட்டையும் அதிரசமும் இருந்ததால் கொஞ்சம் திக்கென்று இருந்தது. நாய் நின்று யோசித்துவிட்டு நகர்ந்தது.

மடராகா எக்ஸ்பிரஸ் 2017-இல் ஓடத் தொடங்கிய ரயில். மடராகா என்றால் சுயாட்சி. இதற்கு முன்பு இதே திசையில் மீட்டர் கேஜ் பாதை ஒன்று இருந்தது. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்ட பாதை அது. சுமார் 32,000 பேரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆட்கள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் இங்கேயே இறந்துபோனார்கள். சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது 1898-இல் இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஊர் பெயரைத் தமிழ்க் காதில் கேட்டாலே கதை பாதி புரிந்துவிடும். அந்தச் சிங்கங்கள் இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து நிற்கின்றன. நோயிலும் விபத்திலும் போன மற்றவர்களுக்குக் கதை இல்லை.

மித்திட்டோ அந்தேயி என்ற ஊரைத் தாண்டியதும் மண் சிவக்க ஆரம்பித்தது. தண்டவாளம் மேடு கட்டி உயரத்தில் போகிறது, கீழே யானைகள் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒன்பது யானைகள். அத்தனையும் செங்கல் நிறம். இந்த மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்வதால் வந்த நிறம் அது. எதிர் சீட்டுக் குழந்தை "சிவப்பு யானை" என்று கத்தியது, அதன் அப்பா திருத்தவில்லை.

நான் உடன்குடிப் பக்கம். தேரிக்காட்டின் ஓரத்தில் வளர்ந்தவன். வோயில் இறங்கி நடந்தபோது செருப்பில் ஒட்டியது எங்கள் ஊர் நிறம்தான். ஆனால் தொட்டுப் பார்த்தால் வேறு. தேரி மணல் விரல் இடுக்கில் வழுகிப் போகும். இது அப்பிக்கொள்கிறது.

இரவு அத்தை போன். "சிங்கம் பாத்தியா?" இல்லை என்றேன். "பின்ன எதுக்குப் போன?" பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. நல்லதாய்ப் போயிற்று.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறு மணிக்கே பொடாபொடாவில் கிளம்பினோம். பைக் டாக்ஸிக்கு இங்கே அதுதான் பெயர். ஒரே பைக்கில் ஓட்டுபவர், நான், தவளை வாத்தியார், ஒரு களைக்கொட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. ஊரை விட்டு வெளியே வந்ததும் கற்றாழை மாதிரி சைசல் வரிசைகள், அப்புறம் முள்மரங்கள், அப்புறம் சகலா மலையின் அடிவாரத்து ஷாம்பாக்கள். ஷாம்பா என்றால் வயல், தோட்டம், கொல்லை எல்லாம்.

நாங்கள் போன ஷாம்பாவின் சொந்தக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெரியவர்களை இங்கே 'ம்ஸே' என்று மரியாதையாக அழைப்பார்கள். "ஷிகமோ, ம்ஸே" என்றேன். "மரஹபா" என்றார். சின்னவர்கள் முதலில் சொல்ல வேண்டும், பெரியவர்கள் அதை ஏற்றுக்கொண்டு பதில் சொல்வார்கள். மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன், இது மட்டும் சரியாக வந்துவிட்டது. அவர் மனைவியை எல்லோரும் 'மாமா' என்று கூப்பிட்டார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. என் வாயில் அது வருவதற்கு இன்றைக்கும் ஒரு நொடி தாமதமாகிறது.

ஷாம்பாவைச் சுற்றிக் கம்பிகட்டி, கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகள் தொங்கின. யானைக்கு வேலி. யானை கம்பியில் மோதினால் வரிசையாக எல்லாப் பெட்டியும் ஆடும், தேனீ கிளம்பும். யானைக்குத் தேனீ என்றால் ஆகாது. சேவ் தி எலிஃபன்ட்ஸ் அமைப்பு சகலாவில் பல வருடமாக இதைச் செய்துவருகிறது. வேலிக்கு வேலி, தேனுக்குத் தேன். ம்ஸே வேலியைப் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "பாதி யானை போய்விடும். மீதிப் பாதி யோசிக்கும்."

உள்ளே சோளம், தட்டைப்பயறு, பாசிப்பயறு, ஓரத்தில் துவரை. துவரையை இங்கே 'ம்பாஸி' என்கிறார்கள், தேங்காய்ப்பால் விட்டுச் செய்வார்கள். பயிரின் பெயரெல்லாம் கேட்கக் கேட்க ஊர் ஞாபகம் வந்தது, ஆனால் நான் வந்த வேலை அது இல்லை.

ம்ஸேயிடம் தவளை வாத்தியார் ஒரு படத்தைக் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ந்யோக்கா" என்றார். பாம்பு. பாம்பு இல்லை என்று வாத்தியார் சொன்னதும் சிரித்தார். "நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். களை வெட்டும்போது வருடத்துக்கு ஒன்றாவது வரும். பையன்கள் வெட்டிப்போடுவார்கள். இரண்டு துண்டாக்கினால் எந்தத் துண்டுக்குத் தலை என்று யாருக்கும் தெரியாது. நான் வெட்டுவதில்லை. அது முன்னாலும் போகும், பின்னாலும் போகும். அதன் வழியை மறிக்க எந்தப் பக்கம் நிற்பது?"

இந்தப் பிராணிகளின் மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் ஆம்ஃபிஸ்பீனியா. கிரேக்க மொழியில் 'இரண்டு பக்கமும் போவது'. ம்ஸே கிரேக்கம் படித்ததில்லை.

தோண்டினோம். 'ஜெம்பே' என்று ஒரு மண்வெட்டி, நம் ஊர் மம்பட்டியேதான், பிடி மட்டும் நீளம். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி வெட்டக் கூடாது, புரட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மண்ணைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் கவிழ்த்து, கையால் உதிர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்பதரை மணிக்குள் என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கிடைத்தவை: கறையான், கறையான், வண்டுப் புழு, ஒரு தேள், உடைந்த சீப்பு, மறுபடியும் கறையான். ஒருமுறை கறுப்பாகப் பளபளவென்று ஒன்று வழுகி ஓட "இதோ!" என்று கத்தினேன். புழுப்பாம்பு. நம் ஊரில் மழைக்காலத்தில் குளியலறைச் சாக்கடை வழியாக வருமே, அதன் ஆப்பிரிக்கச் சொந்தம். "செதிலைப் பார். வழுவழுப்பாக, ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று. நாம் தேடுவதன் உடம்பு வளையம் வளையமாக இருக்கும்" என்றார் வாத்தியார்.

வெயில் ஏறியதும் தோண்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஈரத்தோடு சேர்ந்து அவையும் கீழே இறங்கிவிடும். அறைக்குத் திரும்பினோம். கரன்ட் இல்லை, மின்விசிறி இல்லை. மதியம் பூராவும் வாத்தியார் பாடம் எடுத்தார், எனக்கும் வேறு வேலை இல்லை. எழுதிக்கொண்டதில் பிடித்தவை மட்டும் இங்கே.

உலகத்தில் சுமார் 200 வகைப் புழுப்பல்லிகள் இருக்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியன் தீவுகள், மெக்சிகோ, ஃப்ளோரிடா, கொஞ்சம் அரேபியா, கொஞ்சம் மத்தியதரைக்கடல் ஓரம், அவ்வளவுதான். மெக்சிகோவில் உள்ள மூன்று வகைக்கு மட்டும் முன்னங்கால் உண்டு, மற்ற எதற்கும் கால் கிடையாது. பாம்புக்கு இடது நுரையீரல் சுருங்கிப்போயிருக்கும், இதற்கு வலது. கால் இல்லாமல் நீள உடம்பாக மாறும் யோசனை இரண்டுக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். மரபணுப்படி பார்த்தால் இதற்கு நெருங்கிய உறவு பாம்பு இல்லை, ஐரோப்பாவில் சுவரில் ஓடும் சாதாரணப் பல்லிக் குடும்பம்.

கண்கள் தோலுக்கு அடியில். வெளிச்சம் இருட்டு தெரியும், அதற்குமேல் அதற்குத் தேவையும் இல்லை. வெளியில் காது ஓட்டை கிடையாது. காதிலிருந்து ஒரு குருத்தெலும்பு முன்னால் ஓடி உதட்டோரத்துச் செதில்களைத் தொடுகிறது. ஆக, அது கேட்பது முகத்தால். மண்ணுக்குள் கறையான் நடக்கும் அதிர்வை உதட்டால் கேட்டுக்கொண்டு போகும் ஒரு பிராணி. இதைச் சொல்லும்போது வாத்தியார் தன் உதட்டைத் தொட்டுக்கொண்டார், நானும் தொட்டுக்கொண்டேன்.

மேல்தாடையில் நட்ட நடுவில் ஒற்றைப் பல், மற்றவற்றைவிடப் பெரியது. வாயை மூடினால் அது கீழே இருக்கும் இரண்டு பற்களுக்கு நடுவில் போய் உட்காரும். மண்டையோடு கெட்டி, ஏனென்றால் மண்வெட்டியும் அதுதான். வகைக்கு வகை தலை வேறு: சில உருண்டை, சில கப்பலின் முன்பக்கம் போலக் கூர், சில மண்வெட்டி போலத் தட்டை. தட்டைத் தலைகள் மூக்கை மண்ணில் செருகி, அப்புறம் தலையை மேலே தூக்கி, கூரையை அமுக்கி வழி செய்துகொள்ளும். நம்மாளுக்குப் பெயரிலேயே ஆப்பு. ஆப்பு வைப்பது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம் என்று வாத்தியாருக்கு விளக்கினேன். மிகவும் ரசித்தார், நாளைக்குத் தன் துறைத் தலைவரைப் பற்றிப் பேசும்போது உபயோகிப்பதாகச் சொன்னார்.

ஜியோகலாமஸ் என்ற பேரினத்துக்கு 1880-இல் லண்டனிலிருந்து குந்தர் என்ற விலங்கியலாளர் பெயர் வைத்தார், தான்சானியாவில் கிடைத்த இன்னொரு வகையைக் கொண்டு. வோய் வகைக்கு 1912-இல் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர். ஆப்பிரிக்க ஊர்வன பலவற்றுக்குப் பெயர் கொடுத்தவர். யூதர். 1943-இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். வாத்தியார் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மின்விசிறி அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தது.

மூன்றாம் நாள், சனி

மழை இல்லை. அடிவாரம் காய்ந்து கிடக்கிறது, மேலே போகலாம் என்றார் வாத்தியார். அவருக்கு உண்மையான ஆசை மேலேதான் என்று எனக்குத் தெரியும். தவளைக்காரர் அல்லவா.

சகலா மலை வோயின் தெற்கே எழுந்து நிற்கிறது. ஏற ஏறக் காற்றில் குளுமை, மண்ணில் கறுப்பு. முள்மரம் போய் வாழை வந்தது. உச்சிப் பக்கம் யூகலிப்டஸ் தோப்பு. தைலமரம் தண்ணீரை உறிஞ்சிவிட்டது, ஊற்றெல்லாம் வற்றிவிட்டது என்று வழியில் ஒரு அம்மா குறைப்பட்டார். வார்த்தைக்கு வார்த்தை எங்கள் பக்கத்தில் கேட்டதுதான்.

இந்த மலையில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், ஒரு சிசிலியன் இருக்கிறது. பூலஞ்செருலா நீடனி. 2005-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். சிசிலியன் என்பது தவளைக்கு உறவு, காலில்லாத ஈரத்தோல் பிராணி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல வகைகள் உண்டு, காபித் தோட்டத்தில் மண்வெட்டும்போது வரும்.

ஓடையோரம் ஒரு வாழைக்கன்றின் அடியில் வாத்தியார் மூன்றாவது புரட்டலிலேயே எடுத்துவிட்டார். நேற்று பூராவும் நான் பட்ட பாட்டை நினைத்து எரிச்சல்கூட வந்தது. ஈரமான அவர் உள்ளங்கையில் பழுப்பாக ஒரு மண்புழு. ஆனால் மண்புழுவுக்கு முகம் கிடையாது, இதற்கு இருந்தது. சின்ன வாய். கன்னத்தில் கடுகை விடச் சின்னதாக ஒரு உணர்கொம்பு வெளியே வந்து போனது. ஒரு நிமிடம்தான், ஈர மண்ணோடு அப்படியே திருப்பி விட்டுவிட்டார்.

எதிரே மேற்கில் நீலமாகத் தெரிந்த டைட்டா மலைகளைக் காட்டி வாத்தியார் சொன்னார்: இதன் பெரியம்மா மகள் மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது, பூலஞ்செருலா டைட்டானா. குட்டிகள் பொரிந்து வந்ததும் தாயின் தோலை உரித்துத் தின்கின்றன. அந்தக் காலத்தில் தாயின் தோல் தடித்து, கொழுப்பு ஏறியிருக்கும். குட்டிகளுக்கு அதற்கென்றே தனி வடிவத்தில் பால்பற்கள். தாய் அசையாமல் படுத்திருக்கும். 2006-இல் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நான் கேட்டேன், தாய்க்கு வலிக்காதா என்று. "அதை அவள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

புழுப்பாம்பு, சிசிலியன், புழுப்பல்லி. பாம்பு ஒன்று, தவளைச் சாதி ஒன்று, பல்லிக் கூட்டம் ஒன்று. மூன்றும் மண்ணுக்குள் போய் மூன்றும் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. ம்ஸேயின் பையன்கள் மூன்றையும் பாம்பு என்று வெட்டுவதைக் குறை சொல்ல முடியவில்லை.

இறங்கும்போது ஒரு சம்பவம். பாதையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கணுக்காலில் சுரீர். குனிந்து பார்ப்பதற்குள் முழங்காலில், அதற்கும் மேலே. 'சியாஃபு', படையெறும்பு. வரிசையின் நடுவில் நின்றிருக்கிறேன். அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். பேன்ட்டைக் கழற்றி உதறிக்கொண்டு நின்றபோது, தைலமரத்தைப் பற்றிக் குறைப்பட்ட அதே அம்மா எதிரே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போலே சானா" என்று சொல்லிவிட்டுப் போனார். மிகவும் வருத்தம் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான்காம் நாள், ஞாயிறு

ராத்திரி இரண்டு மணிக்குத் தகரக் கூரையில் கல் வாரி இறைத்தது போலச் சத்தம். மழை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து அறைக் கதவைத் தட்டப் போனால் வாத்தியார் ஏற்கனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

விடியும்போது ம்ஸேயின் ஷாம்பாவில் இருந்தோம். மண்ணெல்லாம் குழம்பு. ஈசல் கிளம்பியிருந்தது, கோழிகளுக்குக் கொண்டாட்டம். ஊரில் அத்தை ஈசலை அரிசியோடு வறுத்துத் தருவார். இங்கேயும் ஈசல் தின்பவர்கள் உண்டு. ம்ஸேயின் பேத்தி ஒரு கிண்ணத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குத் தோண்டவில்லை. மழை வளைகளை நிறைத்துவிட்டால் அவை மேல்மட்டத்துக்கு வந்து கட்டைக்கு அடியில், கல்லுக்கு அடியில் ஒதுங்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது: கட்டையை நம் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே தேளோ பாம்போ இருந்தால் அந்தப்பக்கமாக ஓடும். பதினேழு கட்டை. எண்ணிக்கொண்டே வந்தேன்.

பதினெட்டாவது, வேலி ஓரத்தில் பாதி மக்கிப்போன முள்மரத் தண்டு. வாத்தியார் சாய்த்தார். அடியில் கறையான் வழிகள் திறந்து, வெள்ளைப் பூச்சிகள் கலைந்து ஓடின. அவற்றுக்கு நடுவே, தண்டு பதிந்திருந்த பள்ளத்தில், ஒரு பால்பாயின்ட் பேனா தடிமனுக்கு ஒரு வளைவு.

அசையவில்லை. நானும்தான்.

முழுதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் மண்ணுக்குள், தெரிந்தது ஒரு ஜாண் இருக்கலாம். செம்மண் அப்பியிருந்ததால் நிறம் மண்ணின் நிறமே. ஆனால் வளையங்கள் தெரிந்தன. நெருக்கமாக, ஒரே அளவில், ஸ்டீல் டம்ளரைச் சுற்றிக் கீறும் கோடுகளைப் போல. ஒவ்வொரு வளையமும் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஈரம் பட்டும் பளபளப்பு இல்லை. வாத்தியார் மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அது போக ஆரம்பித்தது. பாம்பு மாதிரி நெளியவில்லை. அதை எப்படிச் சொல்வது? சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறோம், உள்ளே கை மட்டும் நகர்கிறது, துணி கொஞ்சம் பின்தங்கிச் சுருங்கி அப்புறம் வந்து சேர்கிறது. அப்படி. தோல் ஒரு இடத்தில் நிற்கும், உடம்பு உள்ளே வழுகி முன்னேறும், தோல் பின்னாலேயே வரும். நேர்கோட்டில், அவசரமே இல்லாமல். நான் போனை எடுத்து, திறந்து, கேமராவைத் தொட்டு, நடுங்கும் விரலால் அழுத்துவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. வெளியில் மிச்சம் இருந்த முனை ஒரு நொடி நின்றது. மழுங்கலாக, சுண்டுவிரல் நுனி போல. இப்படியும் அப்படியும் கொஞ்சம் திரும்பியது, எங்களைக் கேட்பது போல. பிறகு துளை மட்டும்.

"பார்த்தாயா, வால் எப்படித் தலை மாதிரியே ஆடியது!" என்றார் வாத்தியார்.

"அது தலைதானே?" என்றேன்.

அங்கே ஆரம்பித்தது சண்டை. அவர் கட்சி: அது முன்னோக்கிப் போனது, கடைசியில் தெரிந்தது வால். பல வகைகளில் வால் தலையைப் போலவே மழுங்கி இருக்கும், எதிரியை ஏமாற்ற அதையே தூக்கிக்காட்டும். சில வகைகள் வாலை ஒருமுறை கழற்றியும் விடும், ஆனால் பல்லிக்குப் போல மறுபடி முளைக்காது. என் கட்சி: அது எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போனது, கடைசியில் நின்று யோசித்தது தலை. நான் ஆப்பைப் பார்த்தேன். மண் அப்பியிருந்தது என்கிறார் அவர். மண்ணுக்குக் கீழே ஆப்பு இருந்தது என்கிறேன் நான். ம்ஸேயை நடுவராக வைத்தோம். அவர் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். "இதை எடுத்த மாதிரியே வையுங்கள். அந்த மேடு கிழக்குப் பக்கம் இருந்தது. திருப்பி வைத்தால் அதன் வீட்டுக்குக் கூரை மாறிவிடும்." வாத்தியார் இரண்டு முறை சரிசெய்து வைத்தார்.

தோண்டி எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிடிப்பதற்கான அனுமதி அவரிடம் தவளை இனங்களுக்கு மட்டும்தான். தவிர, தோண்டினால் அநேகமாக ஜெம்பே அதன் நடுவில்தான் விழும். ஊரில் மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசி, வனத்துறை வழக்கில் மாட்டி, செய்தித்தாளில் வரிசையாக நிற்பார்களே, அந்தப் படங்கள் ஞாபகம் வந்தன. அந்தப் பாவப்பட்ட பாம்புக்கு இருப்பது ஒரு தலைதான், வால் மழுங்கியிருந்தது அதன் குற்றம். இங்கே இதற்கு விலை பேச யாரும் இல்லை. பெயர் தெரியாமல் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

மாமா எங்களுக்கு ம்பாஸியும் சப்பாத்தியும் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் வெந்த துவரை, ஏலக்காய் போட்ட பால் டீ. அதிரசத்தில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். ம்ஸே ஒன்றைக் கடித்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாப்பிடும்போது வாத்தியார் சொன்னது இது. 6.6 கோடி வருடத்துக்கு முன்பு விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தபோது, மண்ணுக்குள் இருந்த இவற்றின் முன்னோர்கள் பிழைத்துக்கொண்டன. மேலே செடி இல்லாவிட்டாலும் கீழே செத்ததைத் தின்னும் பூச்சிகள் இருந்தன, அவற்றைத் தின்ன இவை இருந்தன. அப்புறம் வெள்ளத்தில் பெயர்ந்து கடலில் மிதந்த மரத்திட்டுகளில் ஏறி அட்லான்டிக்கையே கடந்து தென் அமெரிக்கா போயிருக்கின்றன என்று 2015-இல் ஒரு ஆய்வு சொன்னது. நீந்தத் தெரியாத, கண் தெரியாத, கால் இல்லாத ஒன்று, மரவேரோடு ஒட்டிய மண்ணுக்குள் இருந்தபடி, கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல். எனக்கு நைரோபிக்கு டிக்கெட் போடவே மூன்று நாள் ஆனது.

ஐந்தாம் நாள், திங்கள்

எழுத அதிகம் இல்லை. கொப்புளம் உடைந்துவிட்டது, கணுக்காலில் இருபத்திரண்டு எறும்புக் கடி. வாத்தியார் டைட்டா மலைக்குப் போகிறார், தவளைகள் காத்திருக்கின்றன. பிரியும்போது கைகொடுத்து, "வால்" என்றார். "தலை" என்றேன்.

வோய் ஸ்டேஷனில் பையை ஸ்கேன் செய்தார்கள். பூட்ஸ் இருந்த பிளாஸ்டிக் பையைத் தனியாக எடுத்து வைத்தார் போலீஸ்காரர். திறந்து பார்த்தார். கால் கிலோ செம்மண் இருக்கும். எங்கே போனாய் என்றார். சகலா என்றேன். பூங்கா? இல்லை. யானை? ரயிலிலிருந்து பார்த்தேன். சிங்கம்? அவரும் என் அத்தையும் ஒரே கட்சி.

"மண்ணுக்குள் இருக்கும் ஒன்றைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லி, எடுத்த ஒரே படத்தைக் காட்டினேன். சிவப்பு மண், நடுவில் ஒரு துளை, துளையின் ஓரத்தில் கலங்கலாக ஒரு சுண்டுவிரல் நுனி. அவர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தூரமாகப் பிடித்தார். அப்புறம் தலைகீழாகத் திருப்பினார். மறுபடியும் நேராக்கினார்.

"இதில் எது மேல்பக்கம்?" என்றார்.